வார்த்தைக்குப் பக்கத்தில்

சுயம்புலிங்கம் தண்ணீர் கேட்டார். தயிர் வந்தது.

ஜெயகொடி கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். "தயிர்னு கேட்டிய, கொண்டாந்துட்டேன். சாப்பிடுங்க."

அவர் தலையை ஆட்டினார். இது இல்லை. தொண்டை வறண்டு கிடந்தது. தனக்கு என்ன வேண்டும் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் குழப்பமில்லை. செம்பில் இருக்கும், குளிர்ச்சியாக இருக்கும், குடித்தால் நெஞ்சு நனையும். அதற்கு என்ன பெயர் என்பதுதான் காணாமல் போயிருந்தது. மடியிலிருந்த தொடுதிரை டேபில் மறுபடியும் 'த' எழுத்தைத் தொட்டார். கீழே பட்டியல் விரிந்தது. தண்ணீர், தயிர், தலை, தலையணை, தந்தி. எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது. படித்து முடித்த பிறகு அந்தச் சத்தம் எந்தப் பொருளிலும் போய் ஒட்டவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டார்.

"தலையணை" என்றது டேப், கணீரென்று.

தலையணையும் வந்தது.

அவர் வள்ளியூர்ப் பக்கத்தில் காற்றாலைக் கிரேன் ஓட்டியவர். நூற்றுக்கணக்கான அடி உயரத்தில், ஊரார் காத்தாடி என்று சொல்லும் அந்தக் கோபுரங்களின் தலையில், ஒவ்வொரு இறக்கையாகத் தூக்கிக் கொண்டுபோய்ப் பொருத்துகிற வேலை. நல்ல குரல். சாமியார்பொத்தைத் திருவிழாவில் மைக் இல்லாமலே கூட்டத்தை ஒதுக்குவார் என்பார்கள். மூளையில் ரத்தம் கட்டி விழுந்து எழுந்தபோது கால் வந்துவிட்டது, வலது கை பாதி வந்துவிட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. மருத்துவமனையில் எழுத்தைத் தொட்டால் வார்த்தை சொல்லும் டேபைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அது ஊமைக்கு உதவும். இவருக்கு வந்தது அது இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவள் ஷமீமா. மேலப்பாளையத்துக்காரி. மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் கணினி வேலை பார்ப்பவள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் ஒன்றும் பேசாமல் அவர் தொடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சிக்கு வார்த்தை கிடைக்குதுக்கா" என்றாள் ஜெயகொடியிடம். "எது எதுன்னுதான் தெரியல. நாம கதையா சொன்னா புரியுது, தலையாட்டுதாவ. ஒத்தையா ஒரு வார்த்தைய நீட்டுனா நழுவிப் போயிருது."

"அப்ப இந்த டேப்பால ஒரு பிரயோசனமும் இல்லயா?"

"இருக்கு. நான் முன்னால புரோகிராம் எழுதுற கம்பெனில இருந்தேன். நாங்க எழுதுற எடிட்டர்னு ஒரு சாஃப்ட்வேர்ல ரெண்டு எழுத்து தட்டுனா மிச்சத்தை அதுவே இப்படித்தான் பட்டியல் போட்டுக் காட்டும். எல்லாம் ஒண்ணுபோலவே இருக்கும், எங்களுக்கும் எது எதுன்னு தெரியாது. அதுக்காக ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல பொடி எழுத்துல ஒரு குறிப்பு வரும். இது இன்ன வேலை செய்யும், இன்ன இடத்துல இருக்குன்னு. அந்தக் குறிப்புல என்ன வரணும்ங்கிறதை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கிடலாம்."

"அகராதியில உள்ளத போடுவியளோ?"

"அகராதியும் வார்த்தைதானக்கா. வார்த்தை தொலைஞ்சவருக்கு வார்த்தையவே குடுத்து என்ன செய்ய? அவருக்கு நடந்தத போடுவோம். நீங்க சொல்லுங்க, உங்க குரல்லயே பதிஞ்சு வைக்கேன். விரலை வச்சா உங்க சத்தம் கேக்கும்."

அப்படித்தான் அது தொடங்கியது. அடுத்த வாரம் அவர் 'த' எழுத்தைத் தொட்டபோது ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் ஒரு வரி வந்து நின்றது. முதல் வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"பனகுடி தாண்டி பஸ்ஸு நின்னுபோன அன்னைக்கி, ரோட்டோரத்து வீட்டுல வாங்கி, செம்பைக் கீழயே வைக்காம குடிச்சியள, அது" என்றது ஜெயகொடியின் குரல்.

அவருக்கு அந்த வெயில் ஞாபகம் வந்தது. செம்பின் விளிம்பு பல்லில் இடித்தது ஞாபகம் வந்தது. தொண்டை தானாக அசைந்தது. இதுதான். தொட்டார். "தண்ணீர்" என்றது டேப். ஜெயகொடி அடுப்படிக்கு ஓடினாள்.

தயிருக்கு, தங்கை வளைகாப்பில் பானையோடு அவர் வழுக்கி விழுந்த கதை. தலையணைக்கு, "நான் கோவிச்சிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போனா நீங்க கட்டிப்பிடிச்சிட்டு கெடக்கது." அதைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். விழுந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. பக்கத்துவீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு ஜெயகொடிக்கு வேறு வேலையே ஓடவில்லை. உப்பு, செருப்பு, மழை, மாமனார் என்று ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து யோசித்துப் பேசினாள். அவர் வாழ்ந்த வாழ்க்கையைத் துண்டு துண்டாக அவரிடமே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சில சமயம் அவர் வெறுமனே உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாக விரலை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். இத்தனையையும் இவள் மறக்காமல் வைத்திருந்தாளா என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு தவறும் நடந்தது. அந்தோணி என்று ஒரு கூட்டாளி. கிரேனுக்குக் கீழே சங்கிலி மாட்டுகிறவர். சுயம்புலிங்கத்தைப் பார்க்க வாழைத்தாரோடு வந்தார். சுயம்புலிங்கம் அவர் பெயரைத் தேடி விரலை வைத்தார். "உங்களக் குடிக்கக் கூட்டிட்டுப் போயிக் கெடுத்த பய" என்றது குரல். சுயம்புலிங்கம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தோணி தாரை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

ஷமீமாவுக்கு இது தெரிந்ததும் அவள் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "அக்கா, நமக்குத்தான் இது குறிப்பு. அண்ணாச்சிக்கு இதுதான் அர்த்தமே. நீங்க என்ன சொல்லுதியளோ அந்த ஆளு அவருக்கு அதுதான். பொய்யா மட்டும் எதையும் சொல்லிராதிய."

மறுநாள் ஜெயகொடி அந்தோணியின் பெயருக்கு வேறு பதிந்தாள். "பைக்குலேருந்து விழுந்தப்ப உங்களத் தோள்ல போட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிட்டு வந்தாவ. குடிக்கவும் கூட்டிட்டுப் போவாவ. அது எனக்குப் பிடிக்காது, அது எனக்க கோவம்." பிறகு அவளே போய் அந்தோணியைக் கூட்டி வந்தாள். சுயம்புலிங்கம் பாதிக் கையால் அவர் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஜெபின் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஜெபின் கிரேனுக்குக் கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவன். மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்குக் கீழே நடப்பது முழுதாகத் தெரியாது. சைகைக்காரன் கைதான் அவருக்குக் கண். விரலைக் கீழே காட்டிச் சுழற்றினால் இறக்க வேண்டும். கையை நீட்டி உள்ளங்கையைத் தரைப்பக்கம் வைத்து வீசினால் நிறுத்த வேண்டும். சுயம்புலிங்கம் விழுவதற்குச் சில வாரம் முன்னால், தென்முனைக் காற்றாலைக் கம்பெனி வேலையில், பலத்த காற்றில் ஓர் இறக்கை இறங்கி வந்து வேலாயுதம் என்பவரின் காலை நசுக்கிவிட்டது. கால் போய்விட்டது. ஜெபின் தப்பாக 'இறக்கு' என்று காட்டியதால்தான் இறங்கியது என்று கம்பெனி எழுதியிருந்தது. சுயம்புலிங்கத்திடம் வாக்குமூலம் வாங்குவதற்குள் அவர் பேச்சிழந்துவிட்டார்.

"நான் நிறுத்தச் சொல்லித்தாம்ணே காட்டுனேன்" என்று அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னான் ஜெபின். "நீங்க மட்டுந்தான் பாத்திய. விசாரணையில உங்களக் கூப்பிடுதாவ. என் மேல வழக்கு வந்தா உள்ள போட்டுருவாவ. வெளிய விட்டாலும் எவன் எனக்கு வேலை தருவான்? வேலாயுதம் பெண்டாட்டி என்னைப் பாத்தா துப்புதா."

சுயம்புலிங்கத்துக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அந்தக் கை, அந்தக் காற்று, கண்ணாடிக்கு வெளியே சரிந்த வெள்ளை இறக்கை. டேபை எடுத்தார். தொழில் வார்த்தைகள் வரிசையாக வந்தன. நிறுத்து, இறக்கு, ஏற்று, திருப்பு. எதற்குப் பக்கத்திலும் ஒன்றும் இல்லை. கிரேனில் நடந்தது எதுவும் ஜெயகொடிக்குத் தெரியாது.

"நான் சொல்லுதேன், பதிஞ்சு போடுங்க" என்றான் ஜெபின், ஷமீமாவிடம்.

"நீங்க சொன்னா அது உங்க சாட்சி. கம்பெனி சொன்னா கம்பெனி சாட்சி. நான் சொன்னா என் சாட்சி" என்றாள் அவள். "அண்ணாச்சி சாட்சியா இருக்கணும்னா அந்தக் குறிப்பை அண்ணாச்சிதான் குடுக்கணும்."

"அவருதான் பேசவே முடியாம இருக்காரே!"

அவள் போகும்போது சுயம்புலிங்கத்தின் வலது கையையே பார்த்துக்கொண்டு போனாள்.

விசாரணை அதிகாரி வைதேகியிடம் அவள் அனுமதி வாங்கினாள். கிரேன் ஓட்டப் பழக்கும் ஒரு நிலையத்தில், நிஜக் கிரேன் மாதிரியே செய்த இருக்கையில் சுயம்புலிங்கத்தை உட்கார வைத்தார்கள். வழக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு பயிற்சியாளர் எதிரே நின்று சைகை காட்டினார். அதிகாரி அனுப்பிய ஆள் ஒருவர் எல்லாவற்றையும் படம் பிடித்தார்.

சோற்றுக் கரண்டியையே சரியாகப் பிடிக்க முடியாத வலது கை, லிவரைத் தொட்டதும் அடங்கி உட்கார்ந்தது. எதிரில் இருந்தவர் விரலைச் சுழற்றினார். கை லிவரை முன்னால் தள்ளியது. உள்ளங்கையை வீசினார். கை லிவரை நடுவுக்குக் கொண்டுவந்து அசையாமல் பிடித்தது. சுயம்புலிங்கம் தன் கையைத் தானே வேடிக்கை பார்த்தார். அதற்கு எதுவும் மறந்திருக்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஷமீமா அந்தப் படங்களைச் சின்னதாக வெட்டி, பட்டியலில் அந்தந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வைத்தாள். இப்போது அந்த இடத்தில் எழுத்தும் இல்லை, குரலும் இல்லை. விரல் அகலத்தில் ஒரு கை அசைந்துகொண்டிருந்தது. அவருடைய கை.

விசாரணை அறையில் பட்டியல் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. பின்வரிசையில் ஊன்றுகோலோடு வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். அதிகாரி கேட்டார். "இறக்கை கீழே வரும்போது ஜெபின் உங்களுக்கு என்ன சைகை காட்டினார்?"

சுயம்புலிங்கம் தேடினார். லிவரை நடுவில் பிடித்திருக்கும் கையைத் தொட்டார். "நிறுத்து."

கம்பெனி வக்கீல் எழுந்தார். சென்னையிலிருந்து வந்தவர். "மேடம், அந்த வார்த்தை பட்டியல்ல முதல்ல இருக்கு. முதல்ல இருக்கறதை யார் வேணா தொடுவாங்க."

ஷமீமா வரிசையைக் கலைத்தாள். மறுபடியும் "நிறுத்து" என்றே வந்தது. இன்னொரு தடவை கலைத்தாள். அதேதான்.

"பக்கத்துல இருக்கற படத்தை எடுத்துடுங்க. வார்த்தை மட்டும் இருக்கட்டும்" என்றார் வக்கீல்.

எடுத்தாள். சுயம்புலிங்கத்துக்கு முன்னால் வெறும் எழுத்துகள் நின்றன. எழுத்துக்கூட்டினார், எதிலும் எந்தப் பொருளும் ஒட்டவில்லை. ஒன்றைத் தொட்டார். "திருப்பு" என்றது டேப். ஜெபின் தலையைக் கையில் பிடித்துக்கொண்டான்.

"பார்த்தீங்களா? இவருக்குத் தெரியாது. படம்தான் பதில் சொல்லுது. இன்னும் சந்தேகம் இருந்தா, படங்களை இடம் மாத்திப் போடச் சொல்லுங்க. நிறுத்துங்கறதுக்கு உள்ள படத்தை இறக்குங்கறதுக்குப் பக்கத்துல வைங்க."

ஷமீமா அதிகாரியைப் பார்த்தாள். அதிகாரி தலையசைத்தார். அவள் விரல்கள் தயங்குவதைச் சுயம்புலிங்கம் கவனித்தார். ஏதோ வலை விரிக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது. பட்டியல் வந்தது. கைகள் இடம் மாறியிருந்தன. அவர் அவசரப்படவில்லை. நடுவில் அசையாமல் நிற்கிற தன் கையைத் தேடிக் கண்டுபிடித்து அதைத் தொட்டார்.

"இறக்கு" என்றது டேப்.

"அவ்வளவுதான்" என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். "இதே சாட்சி இப்ப ஜெபின் இறக்கச் சொன்னார்ங்கறார்."

வைதேகி பேனாவை மேசையில் வைத்தார். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷமீமாவிடம் சொன்னார். "அந்தப் படத்தை 'ஏற்று'க்குப் பக்கத்துல வைங்க."

சுயம்புலிங்கம் தொட்டார். "ஏற்று."

"சம்பந்தமே இல்லாத ஒரு வார்த்தையைக் கொண்டாங்க. அதுக்குப் பக்கத்துல வைங்க."

"இட்லி" என்றது டேப். அறையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி சிரிக்கவில்லை.

"வக்கீல் சார், கிரேனுக்குக் கீழ நின்னு யாரும் இட்லின்னு சைகை காட்ட மாட்டாங்க. இவர் வார்த்தையைத் தொடலை. வார்த்தை நாம ஒட்டினது, எங்க வேணா ஒட்டலாம். அதை எங்க கொண்டுபோய் ஒளிச்சாலும் இவர் தேடிப் போய்த் தொடறது ஒரே கையை. அந்தக் கை என்ன செய்யுதுன்னு எனக்கும் தெரியுது, உங்களுக்கும் தெரியுது. நீங்க கேட்ட சோதனைதான் எனக்கு இதைப் புரியவச்சுது. நன்றி."

அதிகாரி மேலே கேட்டார். படங்கள் பழைய இடத்துக்கு வந்திருந்தன.

"சைகையைப் பார்த்து நீங்க என்ன செஞ்சீங்க?"

"நிறுத்து."

"கிரேன் என்ன செஞ்சுது?"

"இறக்கு."

அதிகாரி நிமிர்ந்தார். "நீங்க நிறுத்தின பிறகும் இறங்கிச்சா? அப்ப இறக்கினது யார்?"

இதற்குச் சைகைப் பட்டியலில் பதில் இல்லை. அவர் வீட்டுப் பட்டியலுக்குப் போய் 'ந' எழுத்தைத் தொட்டு ஒரு வார்த்தையின் மேல் விரலை வைத்தார். ஜெயகொடியின் குரல் ஒலிபெருக்கியில் அறை முழுக்கக் கேட்டது. "கண்ணாடி முன்னால மீசைய முறுக்கிட்டு நிக்காவள, இவியதான்."

வேலாயுதம்கூடச் சிரித்துவிட்டார். ஜெயகொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சுயம்புலிங்கம் அந்த வார்த்தையைத் தொட்டார். பிறகு இன்னொன்றைத் தேடித் தொட்டார்.

"நான். இல்லை."

அந்தக் கிரேன்களைத் தேவைப்பட்டால் தூரத்திலிருந்தே இயக்கலாம். புனேயில் கம்பெனிக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை இருந்தது. அன்று அங்கிருந்து யாரும் கிரேனைத் தொடவே இல்லை என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. அதிகாரி அந்த அறையின் பதிவுகளைக் கைப்பற்ற உத்தரவிட்டார். வேலை பிந்துகிறது என்று அங்கே யாரோ ஒருவர் ஓட்டுநரிடமிருந்து கிரேனைப் பிடுங்கி, காற்றைப் பார்க்காமல் இறக்கியது தெரியவந்தது. சில மாதம் கழித்து ஜெபின் மேல் தவறில்லை என்று தீர்ப்பானது. தீர்ப்பு வந்த அன்று வேலாயுதத்தின் மனைவி ஜெபின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று அழுதாள். போன கால் போனதுதான். யார் மேல் கோபப்பட வேண்டும் என்பதாவது அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயகொடி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். ஜெபின் மனைவியோடு வந்தான். அந்தோணி வந்தார். ஷமீமா பால்கோவா வாங்கி வந்தாள். இலை போட்டு, பரிமாறி, அப்பளம் பொரித்து, மறுபடி பரிமாறி என்று ஜெயகொடி நின்றபடியே இருந்தாள்.

சுயம்புலிங்கம் சாப்பாட்டுக்கு நடுவில் டேபை இழுத்தார். ஷமீமாவைப் பார்த்துக்கொண்டே 'ந' எழுத்தைத் தொட்டார். நகம், நண்டு, நன்றி, நன்னாரி. நகத்துக்கும் நண்டுக்கும் நன்னாரிக்கும் ஜெயகொடியின் கதை இருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றுமில்லை. மறுபடி மறுபடி விரலை நகர்த்தினார். அவருக்கு வேண்டியது அகப்படவில்லை.

ஷமீமா எட்டிப் பார்த்தாள். அவர் முகத்தையும் பார்த்தாள். "அக்கா, நன்றிக்கு ஒண்ணுமே பதியலையா?"

"என்னத்தப் பதிய?" என்றாள் ஜெயகொடி, கையில் குழம்புச் சட்டியோடு. "கல்யாணம் ஆன நாளையிலேருந்து அந்த வார்த்தை இவிய வாயிலேருந்து வந்து நான் கேட்டதில்ல. யோசிச்சி யோசிச்சிப் பாத்தேன். இல்லாதத எப்படிச் சொல்ல? பொய் சொல்லக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். சுயம்புலிங்கம் சிரிக்கவில்லை. தண்ணீரும் தயிரும் தலையணையும், அந்தோணியும், தானும்கூட, எல்லாம் இவள் எடுத்துக் கொடுத்தது. தேடித் தேடியும் இவளுக்கு ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்கும்படி அவர் எதுவும் செய்திருக்கவில்லை.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தன் நாற்காலியை இழுத்து, ஜெயகொடியின் தோளை அழுத்தி அதில் உட்கார வைத்தார். ஒரு புது இலையை அவள் முன்னால் விரித்தார். சோற்றை வைத்தார். பாதி வந்த வலது கையால் சாம்பார்க் கரண்டியை எடுத்தார். கரண்டி ஆடியது. யாரோ உதவிக்கு எழுந்தார்கள், அவர் முறைத்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். முதல் கரண்டி மேசையில் போனது. இரண்டாவது அவள் புடவையில் போனது. மூன்றாவது சோற்றில் விழுந்தது.

"என்ன வேலைங்க இது, போட்டு நாசமாக்கிக்கிட்டு" என்று சொல்லிக்கொண்டே அவள் குனிந்து சாப்பிட்டாள். நிமிரவே இல்லை.

மறுநாள் காலை அவர் டேபைத் திறந்தார். 'ந' எழுத்தைத் தொட்டார். வெறுமையாக இருந்த இடத்தில் ஒரு வரி வந்திருந்தது. விரலை வைத்தார்.

"எனக்குச் சாம்பார் ஊத்துதேன்னு மேசைய குளமாக்குனியள, அது."

அவர் வார்த்தையைத் தொட்டார். டேப் சத்தமாகச் சொன்னது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"என்னங்க? கேக்கலியே, என்ன சொன்னிய?"

அவளுக்குக் கேட்டுவிட்டது என்று அவருக்குத் தெரியும். மறுபடியும் தொட்டார்.